41 வயதில் நிரப்பிய ஹொக்கிப் பை

நாலு வருசமாக மகளின் ஸ்கேற் லேஸை நான்தான் இழுத்துக் கட்டினேன். சனிக்கிழமை காலை ஏழு மணி, ரொறன்ரோவின் ஸ்காபரோவில், பனியில் ஹொக்கி விளையாடும் ஓர் அரீனாவின் உடுப்பு மாற்றும் அறை. ரப்பர் விரித்த தரையில் முழங்காலில் இருந்து, ஒவ்வொரு ஓட்டையாக இறுக்கிக்கொண்டு மேலே வர, விரல் இடுக்குகள் சிவந்துபோகும். பத்து வயதானதும் அவள் தானே கட்டப் பழகிவிட்டாள். அன்றைக்குக் கை சும்மா இருக்க நின்ற என்னை நிமிர்ந்து பார்த்து, “நீங்களும் விளையாடுங்கோவன் அப்பா” என்றாள். 2023ஆம் ஆண்டு இலையுதிர்காலம் அது. எனக்கு 41 வயது.

அடுத்த கிழமையே பெரியவர்களுக்கான ஆரம்ப வகுப்பு ஒன்றில் பெயரைப் பதிந்தேன். தை மாதம் தொடக்கம். காசு கட்டிய பிறகுதான் தேவையான சாமான்களின் பட்டியல் வந்தது. ஹெல்மெற், முகக்கூடு, கழுத்துக் காப்பு, வாய்க்காப்பு, தோள் காப்பு, முழங்கைக் காப்பு, கையுறை, ஹொக்கிக் காற்சட்டை, அதற்குள்ளே போடும் அடிவயிற்றுக் காப்பு, முழங்காலையும் கணைக்காலையும் மூடும் காப்பு, ஸ்கேற், மட்டை. பன்னிரண்டு சாமான்.

ஒரு பெரிய ஹொக்கிக் கடைக்குப் போய்ச் சும்மா சுற்றிப் பார்த்தேன். கண்ணாடிக்குள் வைத்திருந்த உச்ச ரக ஸ்கேற் ஒரு சோடி 1,200 டொலருக்கு மேல். மட்டை ஒன்று 400 டொலருக்கு மேல். நான் களஞ்சியத்தில் வேலை செய்கிறவன், வீட்டுக் கடன் கட்டுகிறவன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் தொகையைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “காசைப் பார்த்து விடாதேங்கோ. ஆனால் பார்த்து வாங்குங்கோ” என்றார்.

எங்கள் பிள்ளைகள் எத்தனையோ பேர் இன்றைக்கு ரொறன்ரோவில் ஹொக்கி விளையாடுகிறார்கள். அப்பாமாரும் அம்மாமாரும் கண்ணாடிக்கு வெளியே தேத்தண்ணியோடு நிற்கிறோம். உள்ளே இறங்க ஆசைப்படுகிற பலரை எனக்குத் தெரியும். அவர்களை மறிக்கிறது குளிரோ வயதோ இல்லை. என்ன வாங்குவது, எவ்வளவு முடியும் என்று தெரியாததுதான். அதனால் நான் எங்கே சரியாக வாங்கினேன், எங்கே பிழை விட்டேன் என்பதை உள்ளபடி எழுதுகிறேன்.

முதல் பிழை ஸ்கேற்றில்.

நான் போடுவது பத்தாம் அளவுச் சப்பாத்து. பழைய சாமான் விற்கும் கிஜிஜி இணையத்தளத்தில் பத்தாம் அளவு பாவர் நிறுவன ஸ்கேற் ஒரு சோடி 60 டொலருக்கு வந்தது. கீறல் இல்லை, அடியில் உள்ள இரும்பு அலகு நல்ல உயரம், அதிகம் பாவிக்காத சாமான். உடனே போய் வாங்கினேன். 12 டொலர் கொடுத்து அலகைத் தீட்டுவித்து, மார்கழியில் ஒரு மாலை ஸ்காபரோ நகர மண்டபத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அல்பேர்ட் கம்பல் சதுக்கத்துக்குப் போனேன். அங்கே திறந்தவெளிப் பனித்தளம் இருக்கிறது, காசு இல்லை. இறங்கி அரை மணித்தியாலத்தில் இரண்டு கணுக்காலும் உள்பக்கமாகச் சரிந்துவிட்டன. ஒவ்வொரு அடிக்கும் குதிக்கால் உள்ளே எழும்பி எழும்பி விழுந்தது. எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் கால் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றினால் இரண்டு குதிக்காலிலும் தோல் உரிந்து காலுறையோடு ஒட்டியிருந்தது. என் காலில்தான் பலம் இல்லை, வயது போய்விட்டது என்றுதான் அன்றிரவு நினைத்தேன்.

ஸ்கேற் அளவும் சப்பாத்து அளவும் ஒன்றல்ல. பொதுவாக ஸ்கேற் ஒன்று, ஒன்றரை அளவு சின்னதாக இருக்க வேண்டும். இது தெரியாமல்தான் எங்கள் ஆட்களில் பலர் இரண்டு தடவை போய்விட்டு, “எனக்குச் சரிவராது” என்று விடுகிறார்கள். அதை நினைத்தால் எனக்கு உண்மையாகவே கவலையாக இருக்கிறது.

எங்கள் வேலைத்தலத்தில் ஓர் அண்ணை இருக்கிறார். 1980களின் கடைசியில் கனடாவுக்கு வந்தவர், முப்பது வருசமாக விளையாடுகிறவர். அவரிடம் போய்ச் சொன்னேன்.

“என்ன சைஸ் எடுத்தனீ?”

“பத்து அண்ணை. சப்பாத்தும் பத்துத்தானே.”

“தம்பி, உனக்கு எட்டரை. கடைக்குப் போ, காலை அளக்கச் சொல்லு. ஸ்கேற்றை மட்டும் போட்டுப் பார்க்காமல் வாங்காதை.”

கடையில் ஓர் இளம்பிள்ளை என் இரண்டு காலையும் அளந்தாள். நீளத்தோடு அவள் நிற்கவில்லை. முன்பாதத்தின் அகலம், மேற்பாதத்தின் உயரம், குதிக்காலின் ஒடுக்கம் எல்லாம் பார்த்தாள். பருத்தித்துறையில் வெறுங்காலோடும் பாட்டாச் செருப்போடும் வளர்ந்த கால் எனக்கு, முன்பக்கம் நன்றாக விரிந்தது. இதற்கும் கணக்கு இருக்கிறது. பாவர் ஸ்கேற்றில் ஒடுக்கத்திலிருந்து அகலம்வரை ‘பிற்’ (Fit) 1, 2, 3 என்று மூன்று வடிவம் வருகிறது. பழைய ஸ்கேற்றுகளில் அகலத்தை டி, ஈஈ என்று எழுதியிருப்பார்கள், ஈஈ என்றால் அகலம். இன்னொரு நிறுவனமான சிசிஎம்மிலும் இப்படி ஒடுக்கம், வழமை, அகலம் என்று இருக்கிறது. எனக்கு எட்டரை அளவில் அகலமானது சரியாக வந்தது.

அவள் காட்டித் தந்த சோதனைகளை இப்போது யார் கேட்டாலும் நான் அப்படியே சொல்லிக்கொடுப்பேன். வீட்டில் போடும் தடித்த காலுறை வேண்டாம், மெல்லியதைப் போடுங்கள். லேஸை நன்றாகத் தளர்த்திக் காலை விட்டு, விரல்கள் முன்சுவரில் முட்டும்வரை தள்ளுங்கள். இப்போது குதிக்காலுக்குப் பின்னே ஒரு விரல் மட்டும் போக வேண்டும். இரண்டு விரல் போனால் பெரிது. பிறகு குதிக்காலை நிலத்தில் தட்டிப் பின்னுக்குத் தள்ளி, லேஸைக் கட்டி எழும்பி நில்லுங்கள். நிமிர்ந்து நிற்கும்போது கால்விரல் முன்பக்கத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். முழங்காலை மடித்தால் விரல் பின்வாங்கும். அதுதான் அளவு. இன்னொன்று, லேஸ் கட்டாமல் மேலிருந்து மூன்றாவது ஓட்டையின் குறுக்கே ஒரு பென்சிலை வைத்துப் பாருங்கள். பென்சில் இரண்டு பக்க ஓட்டையிலும் படிந்து, உங்கள் மேற்பாதத்தில் முட்டாமல் இருந்தால் உங்கள் காலுக்கு அந்த ஸ்கேற்றின் ஆழம் போதும். முட்டினால் ஆழம் போதாது, எவ்வளவு மலிவு என்றாலும் அதை வைத்துவிட்டு வாருங்கள்.

வாங்கின கையோடு அதை ஒரு சின்ன அடுப்பில் சில நிமிடம் சூடாக்கித் தந்தார்கள். அயன் பண்ணின சேட்டைப்போல இளஞ்சூடாக இருந்தது. காலை விட்டதும் கணுக்கால் எலும்பைச் சுற்றி அந்தச் சுவர் மெதுவாக வந்து பிடித்ததை இப்போதும் உணர முடிகிறது. எழும்பாமல் கால் மணித்தியாலம் அப்படியே இருக்க வேண்டும். அடுத்த நாள்வரை பனியில் இறங்கக் கூடாது. விலை 229.99 டொலர், ஒன்ராறியோவின் 13 வீத வரியோடு 260. கடையில் இருந்த விலைகளில் கீழிருந்து மூன்றாவது. அதற்கு மேலே போனால் ஸ்கேற் இன்னும் விறைப்பாகவும் எடை குறைந்தும் வரும். வேகமாக ஓடித் திடீரென்று திரும்புகிறவர்களுக்கு அந்த விறைப்பு வேண்டும். புதிதாகப் பழகுகிறவனின் கணுக்கால் மடிய வேண்டும், அதனால் நடுத்தர விறைப்பே எனக்குத் திறம் என்று அந்தப் பிள்ளையே சொன்னாள். கூட விலைச் சாமானை விற்கப் பார்க்காத அந்த நேர்மையை நான் மறக்கவில்லை.

தீட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்கேற் அலகின் அடிப்பக்கம் கத்திபோல ஒற்றைக் கூர் இல்லை. நடுவில் மெல்லிய குழிவு, இரண்டு பக்கமும் இரண்டு விளிம்பு. அந்தக் குழிவின் ஆழம் அரை அங்குலம், ஐந்தெட்டு (5/8) அங்குலம் என்று ஒரு வட்டத்தின் ஆரைக் கணக்கில் சொல்லப்படும். எண் சின்னதானால் குழிவு ஆழம், பனியைக் கடித்துப் பிடிக்கும். எண் பெரிதானால் குழிவு குறைவு, வழுக்கி ஓடும். கடையில் ஒன்றும் சொல்லாமல் கொடுத்தால் பெரும்பாலும் அரை அங்குலம் போடுவார்கள். 170 இறாத்தல் எடையுள்ள எனக்கு அது பனியில் ஊன்றிப் பிடித்து, நிற்கப் போனால் தலைகுப்புற விழுத்தியது. ஐந்தெட்டுக்கு மாற்றினேன், பக்கவாட்டில் சறுக்கி நிற்க அந்தக் கிழமையே வந்தது. பத்து டொலர் விசயம் இது, ஆனால் எனக்கு ஒரு மாத வகுப்புக்குச் சமன். புது ஸ்கேற் பெரும்பாலும் தீட்டாமல்தான் வரும் என்பதையும் மறக்காதேயுங்கோ. விளிம்பு இருக்கிறதா என்று பார்க்க நகத்தை அலகின் குறுக்கே மெல்ல இழுங்கள், நகத்தூள் வெள்ளையாக எழும்பினால் கூர் இருக்கிறது.

இனி ஹெல்மெற். இதிலும் நான் பிழை விட்டேன், ஆனால் வேறொருவர் என்னைக் காப்பாற்றினார். வேலையிடத்தில் ஒரு நண்பர் தன் பழைய ஹெல்மெற்றை அன்போடு தந்தார். முதல் வகுப்பில் பயிற்சியாளர் எல்லோருடைய சாமானையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் ஹெல்மெற்றை வாங்கித் திருப்பி, உள்ளே இருந்த நுரையைப் பெருவிரலால் அழுத்தினார். அழுத்திய குழி அப்படியே கிடந்தது, எழும்பி வரவில்லை. நகத்தால் கிள்ளினார், பழைய பாண் போல உதிர்ந்தது. “இதோடு பனியில் இறங்க விடமாட்டேன்” என்று சொல்லி, அன்றைக்கு மட்டும் தங்கள் பெட்டியிலிருந்து ஒன்றைப் போடத் தந்தார்.

அன்று பின்னேரமே புது ஹெல்மெற் வாங்கினேன். முகக்கூடு பூட்டியது, வரியோடு 124 டொலர். ஹெல்மெற்றைப் பழசில் வாங்காதேயுங்கோ. எத்தனை அடி வாங்கியது, எந்த வெயிலில் கிடந்தது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. கனடாவில் ஹெல்மெற்றிலும் முகக்கூட்டிலும் சிஎஸ்ஏ என்ற தரச் சான்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவில் வேர்ஜீனியா ரெக் பல்கலைக்கழகம் ஹெல்மெற்றுகளை அடித்துச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கிறது. ஹொக்கி ஹெல்மெற்றுகளுக்கு 2015இல் முதன்முதலாக அந்தப் பட்டியல் வந்தபோது ஒன்றுகூட ஐந்து நட்சத்திரம் வாங்கவில்லை. இப்போது நிலைமை நல்லது. ஆனால் விலை ஏற ஏற நட்சத்திரமும் ஏறும் என்றில்லை. பட்டியலைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனால் நூறு டொலர் மிச்சம் பிடிக்கலாம். எந்த ஹெல்மெற்றும் மூளை அதிர்ச்சியை முழுதாகத் தடுக்காது. அதனால்தான் தலையில் வடிவாகப் பொருந்துவது முக்கியம். நெற்றியில் புருவத்துக்கு ஒரு விரல் மேலே இருக்க வேண்டும், நாடிப் பட்டியைக் கட்டமுதலே தலையை ஆட்டினால் ஹெல்மெற் தனியே ஆடக் கூடாது.

முகக்கூடு வேண்டாம், அரைக் கண்ணாடி போதும் என்று சிலர் சொல்வார்கள். வட அமெரிக்காவின் தொழில்முறை ஹொக்கி லீக்கான என்எச்எல்லில் 1979இல்தான் புதிதாக வருகிறவர்களுக்கு ஹெல்மெற்றையே கட்டாயமாக்கினார்கள். அதற்கு முன் கையெழுத்திட்ட கிரெய்க் மக்டாவிஷ் 1997வரை வெறுந்தலையோடு விளையாடினார். அவர்கள் அதைத் தொழிலாகச் செய்தவர்கள். நாங்கள் திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டியவர்கள். ஹொக்கியில் அடிக்கிற வட்டான பக் ஆறு அவுன்ஸ் கெட்டி ரப்பர். ஒரு முன்பல்லைத் திருத்தும் காசுக்கு என் பை முழுவதையும் இரண்டு தடவை நிரப்பலாம். கூட்டைப் போடுங்கள்.

கழுத்துக் காப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2023 ஐப்பசி 28ஆம் திகதி இங்கிலாந்தில் ஷெபீல்டில் நடந்த ஆட்டத்தில் நொற்றிங்ஹாம் பாந்தர்ஸ் அணிக்கு விளையாடிய அடம் ஜோன்சன் கழுத்தில் ஸ்கேற் அலகு வெட்டி இறந்துபோனார். வயது 29. நான் பட்டியலை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை. மகள் சின்ன வயதிலிருந்தே கழுத்துக் காப்புப் போடுகிறாள், இங்கே பிள்ளைகளுக்கு அது கட்டாயம். பெரியவர்களில் பலர் போடுவதில்லை. வரியோடு 28 டொலருக்கு வாங்கினேன். வெக்கையாக இருக்கும், கழுத்து வேர்க்கும். ஒரு நாளும் அது இல்லாமல் நான் இறங்கினதில்லை.

தலையையும் காலையும் புதிதாக வாங்கிவிட்டால், நடுவில் உள்ளதைப் பழசில் எடுக்கலாம். தோலோடு ஒட்டுகிற அடிவயிற்றுக் காப்பையும் வாய்க்காப்பையும் புதிதாக வாங்கினேன், இரண்டும் சேர்த்து 51 டொலர். மற்றதெல்லாம் இன்னொருவருடைய வேர்வை கண்ட சாமான்தான்.

பழைய சாமான் எடுக்க இங்கே நல்ல வழிகள் இருக்கின்றன. பிளே இற் எகெய்ன் ஸ்போர்ட்ஸ் போன்ற கடைகள் பழசை வாங்கி விற்கின்றன. கிஜிஜி, பேஸ்புக் சந்தை இருக்கிறது. நான் பெரும்பாலானதை மார்க்கம் நகரில் ஒரு வீட்டு கராஜில் வாங்கினேன். மகன் பல்கலைக்கழகம் போய்விட்டான், பை அப்படியே கிடக்கிறது என்று ஒரு தாய் விளம்பரம் போட்டிருந்தார். கணைக்கால் காப்பு 25, முழங்கைக் காப்பு 20, தோள் காப்பு 20, பை 15, நாலும் சேர்த்து 80 டொலர். பதினேழு, பதினெட்டு வயதில் விட்ட பிள்ளைகளின் சாமான் பெரியவர்களுக்குக் கணக்காக வரும். அதிகம் தேய்ந்தும் இருக்காது. தேடுகிறவர்கள் அந்த வயதுப் பிள்ளைகளின் பெற்றோரைத் தேடுங்கள், அதுவும் சித்திரை, வைகாசியில். ஆட்டக் காலம் முடிந்து கராஜை ஒழுங்குபடுத்துகிற நேரம் அது. புதுச் சாமான் கடைகளிலும் போன வருச மாதிரிகளைக் கழிக்கிற நேரம் அதுதான். புரட்டாதியில் போனால் எல்லாம் முழு விலை.

பழசில் என்ன பார்க்க வேண்டும்? கையுறையின் உள்ளங்கையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள், ஓட்டை விழுவது அங்கேதான். வெளிப்பக்கம் பளபளவென்று இருக்கும், உள்ளங்கை கிழிந்திருக்கும். நான் எடுத்தது 40 டொலர், 14 அங்குலம், விரல் நுனிக்கும் உறை நுனிக்கும் இடையில் கொஞ்சம் இடம் இருந்தது. கணைக்கால் காப்பைப் போட்டால் முழங்கால் சில்லு அதன் கிண்ணத்தின் நடுவில் உட்கார வேண்டும், கீழ் முனை ஸ்கேற்றின் மேல்விளிம்புக்குச் சற்று மேலே முடிய வேண்டும். முழங்கைக் காப்புக்கும் கையுறைக்கும் இடையில் தோல் தெரியக் கூடாது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் எல்லாம் அளவாகத்தான் தெரியும். முழுவதையும் ஒன்றாகப் போட்டுக் குந்தி எழும்பினால்தான் இடைவெளி எங்கே என்று தெரியும். தோள் காப்பைப் பற்றிப் பெரிதாக யோசிக்க வேண்டாம். எங்களைப்போல உடம்பால் மோதாத ஆட்டத்தில் மெல்லியதே போதும்.

காற்சட்டையில்தான் எனக்கு அடி விழுந்தது. அந்தத் தாய் மகனின் காற்சட்டையையும் காசு வாங்காமல் தந்தார். எனக்கு இரண்டு அளவு பெரிது. சும்மா கிடைத்ததுதானே, நாடாவை இறுக்கினால் சரி என்று போட்டேன். மூன்றாவது வகுப்பில் பின்பக்கமாக ஓடப் பழகும்போது கால் வழுக்கி நேரே உட்கார விழுந்தேன். முள்ளந்தண்டின் அடி எலும்பை மூட வேண்டிய பட்டை அந்தப் பெரிய காற்சட்டைக்குள் இடது பக்கமாகச் சுழன்று போயிருந்தது. வெறும் எலும்பு பனியில் இடித்தது. இரண்டு கிழமை நான் காரில் ஒரு பக்கமாகத்தான் இருந்து ஓட்டினேன், களஞ்சியத்தில் பாரம் தூக்க முடியவில்லை, மூன்று நாள் சம்பளமும் போனது. பிறகு 30 டொலருக்கு அளவான காற்சட்டை ஒன்று எடுத்தேன். இடுப்பில் பட்டை இறுகிப் பிடிக்க வேண்டும், குந்தும்போது கீழ் விளிம்பு முழங்கால் காப்பின் மேல் விளிம்பைக் கடந்து மூட வேண்டும். இலவசமாக வருகிற சாமானையும் போட்டுப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று அந்த இரண்டு கிழமையில் படித்தேன்.

மட்டை வாங்கப் போனபோது கேட்ட முதல் கேள்வி, “இடதா, வலதா?” நான் வலக்கைக்காரன், வலது என்றேன். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஊரில் கிரிக்கெற் விளையாடின எங்களுக்கு வலக்கைத் துடுப்பாட்டம் என்றால் இடது கை மேலே, வலது கை கீழே. ஹொக்கியில் வலது மட்டையைப் பிடிப்பதும் அப்படியேதான். ஆனால் கனடாவில் வலக்கைக்காரர்கள் பலர் வலது கையை மேலே பிடிப்பார்கள், அவர்களுக்கு இடது மட்டை. பலமான கை மேலே இருந்தால் பக்கை நுணுக்கமாகக் கையாளலாம் என்று ஆரம்பகாரர்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். பயிற்சியாளர் என்னிடம் ஓர் இடது மட்டையைத் தந்து பத்து நிமிடம் ஓடிப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு முறையும் கை தானாகவே கிரிக்கெற் பிடிக்குத் திரும்பியது. இருபது வருசம் கை பழகினதை 41 வயதில் மாற்றுவதில் பயன் இல்லை என்று நான் முடிவு செய்தேன். சின்னப் பிள்ளை என்றால் வேறு கதை. இதில் ஒரே குறை, பழைய மட்டைக் குவியலில் வலது மட்டை குறைவாகத்தான் கிடைக்கும்.

மட்டையின் தண்டு எவ்வளவு வளையும் என்பதற்கும் எண் உண்டு. உங்கள் எடையை இறாத்தலில் எடுத்துப் பாதியாக்கினால் கிட்டத்தட்ட உங்களுக்கான எண் வரும். எனக்கு 85 வந்தது, புதியவனுக்கு இன்னும் கொஞ்சம் வளையட்டும் என்று 75 எடுத்தேன். ஸ்கேற் இல்லாமல் நிமிர்ந்து நின்றால் மட்டை மூக்குவரை, ஸ்கேற்றோடு நின்றால் நாடிவரை வர வேண்டும். கூடினதை வெட்டலாம், ஆனால் வெட்டினால் மட்டை இன்னும் விறைக்கும் என்பதைக் கணக்கில் எடுங்கள். நான் கராஜில் இரும்பறுக்கும் வாளால் இரண்டு அங்குலம் வெட்டினேன். அந்தத் தூள் மூச்சுக்குக் கூடாது, முகக்கவசம் போடுங்கள். வரியோடு 68 டொலர். 400 டொலர் மட்டை என் அடியை வேகமாக்காது. அது வளைகிற அளவுக்கு அழுத்தப் பலமும் நேரக் கணக்கும் வேண்டும், அது இன்னும் என்னிடம் வரவில்லை.

காலுறையும் ஜேர்சியும் 25 டொலர். எல்லாவற்றையும் கூட்டினால் 706. வீணாய்ப் போன ஸ்கேற்றுக்கும் அதைத் தீட்டினதற்கும் 72 டொலரைத் தனியே எழுதி வைத்திருக்கிறேன். இதே பன்னிரண்டையும் நடுத்தர ரகத்தில் புதிதாக எடுத்திருந்தால் இரண்டு மடங்குக்கு மேல் வந்திருக்கும். சிறிய காலுள்ளவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. பெரியவர்களுக்கான ஸ்கேற்றுக்குக் கீழே இன்டர்மீடியற், ஜூனியர் என்று அளவுகள் வருகின்றன, அதே மாதிரி ஸ்கேற் அந்த அளவுகளில் விலை குறைந்து வரும். எங்கள் வகுப்பில் சேர்ந்த ஒரு தமிழ்ப் பெண் அப்படித்தான் நல்ல ஸ்கேற் ஒன்றை நூறு டொலருக்கும் கீழே எடுத்தார்.

வாங்கினதைக் காப்பாற்றுவது அதைவிடப் பெரிய மிச்சம். ஆட்டம் முடிந்து வந்ததும், எவ்வளவு களைப்பென்றாலும், பையை மூடி வைக்கக் கூடாது. பேஸ்மன்றில் உடுப்புக் காயவைக்கிற மடக்குக் கம்பியில் எல்லாவற்றையும் விரித்து, மின்விசிறியைப் போட்டுவிட்டுத்தான் நான் மேலே வருவேன். இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் குளிக்கும் தொட்டியில் இளஞ்சூட்டுத் தண்ணீரும் சலவைத் தூளும் விட்டு, தோள் காப்பிலிருந்து கையுறைவரை ஊறவைத்துக் கழுவுவேன். முதல் தரம் கழுவினபோது தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் இறங்கியது. ஸ்கேற் அலகைத் துணியால் ஈரம் போகத் துடைத்துத் துணி உறை போட்டு வையுங்கள். பிளாஸ்ரிக் உறை நடக்க மட்டும்தான். அதைப் போட்டபடி பைக்குள் விட்டால் ஈரம் பிடித்து ஒரு கிழமையில் துரு ஏறும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் ஓர் ஆரம்பகாரர் அணியில் விளையாடுகிறேன். பத்தே முக்காலுக்கு ஆட்டம். வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க விடுகிறோமில்லை என்று மகள் அழுவாள், அடுத்த நாள் பள்ளிக்கூடம். போன மாதம் ஒரு நாள் விடுமுறையில் வந்தாள். உடுப்பு மாற்றும் அறை வாசலில், என் லேஸின் மேல் ஓட்டையைப் பார்த்துவிட்டு, “இது தளர்வாய் இருக்கு அப்பா” என்று குனிந்து இழுத்துக் கட்டினாள்.

அந்தப் பத்தாம் அளவு ஸ்கேற் பேஸ்மன்றில் இன்னும் இருக்கிறது. விற்க மனம் வரவில்லை, என்னைப்போல ஒருவர் பிழையான அளவில் வாங்கிக்கொண்டு போவார் என்று பயம். போன கிழமை வேலையிடத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், ஹொக்கி பழக எவ்வளவு முடியும் என்று கேட்டார். நான் முதலில் அவருடைய சப்பாத்து அளவைத்தான் கேட்டேன். பதினொன்றரை என்றார். சனிக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன், மெல்லிய காலுறை போட்டுக்கொண்டு. பென்சில் ஒன்றும் எடுத்து வைத்திருக்கிறேன்.